சென்னைக் கடல்ல குளிக்கப் போறீங்களா? தண்ணில கால் வைக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிட்டுப் போங்க

வெளியூர்ல இருந்து சென்னைக்கு படிக்கவோ வேலைக்கோ வந்து இறங்கற பசங்க முதல் லீவு நாள்லயே பீச்சுக்குக் கிளம்பிடறாங்க, கடலையே பாக்காம வளர்ந்தவங்களுக்கு அந்த ஆசை வராம எப்படி இருக்கும். ஆனா கிணத்துலயும் கம்மாயிலயும் நல்லா நீச்சல் அடிச்ச பசங்க கூட கடல்ல மாட்டிக்கறாங்க, ஏன்னா கிணத்துத் தண்ணி நின்ன இடத்துல நிக்கும், கடல் தண்ணி நிக்காது, நேத்து இடுப்பளவு இருந்த இடம் இன்னைக்கு ஆள் மூழ்கற பள்ளமா இருக்கலாம்.

அதனால கடல்ல எறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேக்கணும். தண்ணி சுத்தமா இருக்கா? தண்ணி அடங்கி இருக்கா? இந்த ரெண்டையும் தனித்தனியா பாருங்க, ஏன்னா நல்ல நீலமா சுத்தமா இருக்கற தண்ணி ஆளை இழுத்துட்டுப் போகும், அலையே இல்லாம சாதுவா இருக்கற தண்ணில சாக்கடை கலந்திருக்கும். ரெண்டுக்கும் பதில் சரியா இருந்தா மட்டும் எறங்குங்க.

வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி

முதல்ல மழை. கடைசி ரெண்டு மூணு நாள்ல நல்ல மழை பெஞ்சிருந்தா குளியலை விட்ருங்க, போய் மணல்ல உக்காந்துட்டு வாங்க, போதும். மழை பெஞ்சதும் ஊர்ல இருக்கற அத்தனை மழைநீர் வடிகாலும், அதுல கலந்துக்கற சாக்கடையும், தெருக் குப்பையும், கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் எல்லாம் சேர்ந்து கடல்லதான் வந்து விழுது. வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிரும் உப்பும் கிருமியை மெல்லமா கொல்லும், ஆனா அதுக்கு நேரம் ஆகும், வானம் மூடிக்கிட்டு தண்ணி கலங்கலா இருந்தா இன்னும் லேட் ஆகும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை காலம், கடலும் கொந்தளிப்பா இருக்கும், தண்ணியும் அழுக்கா இருக்கும், அந்த மூணு மாசம் சென்னையில கடல் குளியலை நினைக்காமலே இருக்கறது நல்லது.

இன்னொன்னு பல பேருக்குத் தெரியாது. கோடையில அடையாறு மாதிரி ஆத்து வாயில மணல் வந்து அடைச்சிக்கும், உள்ள தண்ணி கறுப்பா தேங்கி நிக்கும், மழைக்கு முன்னாடி ஜேசிபி வச்சு முகத்துவாரத்தை வெட்டி விடுவாங்க, இல்லன்னா முதல் பெரிய மழையே அதை உடைச்சிரும். அப்போ மாசக்கணக்கா தேங்குனது மொத்தமும் ஒரே நேரத்துல கடலுக்குள்ள வரும். முகத்துவாரம் திறந்த செய்தி பேப்பர்ல பாத்தீங்கன்னா அந்தப் பக்கம் ஒரு வாரமாவது கால் நனைக்காதீங்க.

ரெண்டாவது, கடல் சீற்ற எச்சரிக்கை. ஹைதராபாத்ல இன்காய்ஸ்னு ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கு, கடல்ல அலை எவ்ளோ உயரம் வரும்னு முன்கூட்டியே கணிச்சு மாவட்டம் மாவட்டமா எச்சரிக்கை குடுக்கறாங்க, சமுத்ரான்னு அவங்களோட மொபைல் ஆப்பும் இருக்கு. டூர் போறவங்க இதைப் பாக்கறதே இல்ல, மழை வருமான்னு மட்டும் பாத்துட்டு கிளம்பிடறாங்க.

இதை அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் பீச்சுல அஞ்சு மருத்துவ மாணவர்களை அலை இழுத்துட்டுப் போய் அவங்க இறந்தாங்க. அந்தச் சமயத்துல கள்ளக்கடல் எச்சரிக்கை அமல்ல இருந்துச்சு. கள்ளக்கடல்னா, தெற்கு இந்தியப் பெருங்கடல்ல ரொம்பத் தூரத்துல அடிக்கற புயல்காத்து கிளப்பற அலை, நாள்கணக்கா பயணம் பண்ணி நம்ம கரைக்கு வந்து சேரும். இங்க காத்து இருக்காது, வானம் தெளிவா இருக்கும், கடல் பாக்க சாதாரணமா இருக்கும், திடீர்னு நாலஞ்சு பெரிய அலை அடுத்தடுத்து மேல ஏறும். ஏப்ரல், மே மாசத்துல இது அடிக்கடி வரும், அதாவது சரியா நம்ம ஸ்கூல் காலேஜ் லீவு சமயத்துல. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் டூர் பிளான் போடறவங்க எச்சரிக்கை இருக்கான்னு பாக்காம தயவு செஞ்சு கிளம்பாதீங்க, வானம் நல்லா இருக்கறத நம்பி எறங்கவே கூடாது.

அமாவாசை, பௌர்ணமி ஒட்டின நாள்ல ஏத்த வத்தம் அதிகமா இருக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு முழுக்குப் போட வர்ற வயசானவங்க இதுலதான் தடுமாறறாங்க, அவங்களைக் கூட்டிட்டு வந்தா கரையோரமா உக்கார வச்சு சொம்புல மொண்டு ஊத்துங்க, அதுவும் கடல் நீராடல்தான்.

எந்த பீச்

மெரினா. இங்க குளிக்க போலீஸ் விடமாட்டாங்க, காணும் பொங்கல் அன்னைக்கு தடுப்புக் கட்டையே போட்ருவாங்க. கெடுபிடி பண்றாங்கன்னு கோவப்படற பசங்க கடலுக்கு அடியில தரை எப்படி இருக்குன்னு தெரிஞ்சிக்கணும். மெரினால கரை சரிவு அதிகம், கால் வச்ச நாலஞ்சு எட்டுல இடுப்பளவு தண்ணி வந்துரும், அலை நேரா கரையிலயே உடையும், உடைஞ்சு திரும்பற தண்ணி காலுக்கு கீழ இருக்கற மணலையும் சேர்த்து உருவிட்டுப் போகும். நிக்கறவன் விழுந்தா அடுத்த அலை மேல வந்து உருட்டும். முழங்கால் ஆழத்துலயே இது நடக்கும், நீச்சல் தெரியும்ங்கறது அங்க உதவாது. வடக்க கூவம் கடல்ல சேர்ற இடமும் பக்கத்துலயே இருக்கு, அதனால சுத்தமும் கிடையாது.

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்கு வடக்க உடைஞ்ச பாலம் பக்கம் அடையாறு வாய் இருக்கு. போட்டோ எடுக்க நல்லா இருக்கும்னு போறவங்க தண்ணில எறங்கவே கூடாத இடம் அது, ஆத்து நீரும் கடலும் மோதற எடத்துல சுழியும் இருக்கும், சாக்கடையும் இருக்கும். இங்க ஒரு கணக்கு வச்சிக்கோங்க. நம்ம கரையோரம் நீரோட்டம் பொதுவா தென்மேற்குப் பருவக்காத்து காலத்துல தெற்குல இருந்து வடக்க போகும், வடகிழக்குப் பருவ காலத்துல வடக்குல இருந்து தெற்க வரும். அப்போ ஜூலைல அடையாத்து அழுக்கு பட்டினப்பாக்கம், மெரினா பக்கம் ஒதுங்கும், நவம்பர், டிசம்பர்ல பெசன்ட் நகர் பக்கம் வரும். கரையில வலை பிரிச்சிட்டு இருக்கற மீனவ அண்ணன்கிட்ட "அண்ணே, இன்னைக்கு தண்ணி எந்தப் பக்கம் போகுது"ன்னு கேளுங்க, சரியா சொல்லுவாரு. அவர் "இன்னைக்கு எறங்காத தம்பி"ன்னு சொன்னா அதுக்கு மேல வேற ஆலோசனை தேவையில்ல, திரும்பி வந்துருங்க.

வட சென்னையில காசிமேடு தாண்டி திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் கடல் அரிப்பைத் தடுக்க கல்லு கொட்டி தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள்ள நீட்டின கல் தடுப்பு, போட்ருக்காங்க. துறைமுகம் கட்டினதும் மணல் தெற்கு பக்கமே தங்கி மெரினா அகலமாச்சு, வடக்க கரை கரைஞ்சு போச்சு, அதனாலதான் அந்தக் கல்லு. அந்தக் கல்லை ஒட்டி தண்ணி கடலுக்குள்ள இழுக்கும், பாசி வழுக்கும், அலை அடிச்சா உடம்பு நேரா கல்லுலதான் மோதும். எண்ணூர் பக்கம் எண்ணெய் பிரச்சனையும் உண்டு, 2017 ஜனவரில ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட கழிமுகம் முழுக்க எண்ணெய் பரவுச்சு.

மகாபலிபுரத்துல தண்ணிக்கு அடியில பாறை இருக்கு, வெளிய தெரியாது. ஈசிஆர்னு சொல்ற கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட் வாசல்ல இருக்கற காலி பீச்செல்லாம் அழகா இருக்கும், ஆனா காப்பாத்த ஒரு ஆள் இருக்காது, ஆள் இல்லாத பீச்சுல குளிக்கறதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது ஈசிஆர்ல இருக்கற கோவளம், கேரளா கோவளம் இல்ல. அங்க ஒரு பகுதிக்கு 2021ல புளூ ஃபிளாக் சான்றிதழ் கிடைச்சுது, டென்மார்க்ல இருந்து நடத்தற சர்வதேச அமைப்பு குடுக்கறது, 33 நிபந்தனை உண்டு, தண்ணிய தொடர்ந்து லேப்ல டெஸ்ட் பண்ணணும், குளிக்கற இடத்தை கயிறு, மிதவை கட்டி காட்டணும், லைஃப்கார்டு இருக்கணும். ஆனா இது ஒரு தடவை குடுத்தா ஆயுசுக்கும் இருக்கறது இல்ல, சீசனுக்கு சீசன் புதுப்பிக்கணும், அதனால நீங்க போற அன்னைக்கு கொடி பறக்குதான்னு பாருங்க. அந்த எல்லைக்குள்ள மட்டும்தான் அது பொருந்தும், நடந்து முட்டுக்காடு கழிமுகம் பக்கம் போயிட்டீங்கன்னா அது வேற கடல்.

சுத்தமான தண்ணின்னா என்ன அளவு

லேப் ரிப்போர்ட்டோ போர்டோ பாத்தா புரியறதுக்காக சொல்றேன். மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் குளிக்கற கடல் தண்ணிக்கு வச்சிருக்கற அளவுல முக்கியமானது ஃபீக்கல் கோலிஃபார்ம், அதாவது மனுஷன், ஆடு மாடு மலத்துல இருந்து வர்ற பாக்டீரியா, 100 மில்லி தண்ணில 100க்குள்ள இருக்கணும். புளூ ஃபிளாக்ல ஈ.கோலை, என்டரோகாக்கைன்னு மலத்துல இருந்து வர்ற ரெண்டு பாக்டீரியாவைப் பாப்பாங்க, அதே 100 மில்லில ஈ.கோலை 250, என்டரோகாக்கை 100, இதுக்கு மேல போகக் கூடாது. இதுல கடலுக்கு என்டரோகாக்கைதான் முக்கியம், ஏன்னா அது உப்புத் தண்ணில ஈ.கோலையை விட ரொம்ப நேரம் தாங்கும்.

இந்த பாக்டீரியா இருந்தாலே நோய் வரும்னு இல்ல, ஆனா இது இருக்குன்னா சாக்கடை கலந்திருக்குன்னு அர்த்தம், கூடவே வாந்தி பேதி, மஞ்சக்காமாலை மாதிரி நோய் பரப்பற வைரசும் இருக்கலாம். டெஸ்ட் பண்ணி ரிசல்ட் வர ஒரு நாளோ ரெண்டு நாளோ ஆகும், அதனால போர்டுல போட்ருக்கறது நேத்து, முந்தாநேத்து தண்ணி. இன்னைக்கு தண்ணிய நீங்கதான் பாக்கணும்: பக்கத்துல வடிகால் குழாய் கொட்டுதா, நாத்தம் வருதா, தண்ணி காப்பி நிறத்துல இருக்கா, எண்ணெய் படலம் மினுங்குதா, டயப்பரும் பிளாஸ்டிக்கும் மிதக்குதா. ஒன்னு இருந்தாலும் வேணாம்.

2019 ஆகஸ்ட்ல திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் ராத்திரி அலை நீலமா மின்னுச்சே, ஞாபகம் இருக்கா? நாக்டிலூக்காங்கற நுண்ணுயிரி அது. பாக்கறதுக்கு அவ்ளோ அழகு, ஆனா அது பெருகினா தண்ணில அமோனியா ஏறும், ஆக்சிஜன் குறையும், அதனால கரையில நின்னு ரசிங்க, உள்ள போய் குளிக்காதீங்க, ராத்திரிங்கறதாலயும் வேணாம்.

உடம்புல ஆறாத புண்ணு இருந்தா, சமீபத்துல பச்சை குத்தியிருந்தா, சுகர் இருக்கறவங்க, கல்லீரல் கோளாறு இருக்கறவங்க தண்ணி எவ்ளோ சுத்தமா இருந்தாலும் எறங்காதீங்க. வெதுவெதுப்பான கடல் தண்ணில இயற்கையாவே இருக்கற விப்ரியோ பாக்டீரியா புண்ணு வழியா போய் பெரிய விபரீதம் ஆகிடும்.

கரையில நின்னு பத்து நிமிஷம்

இந்தக் கட்டுரைல ஒன்னே ஒன்னு மட்டும்தான் ஞாபகம் வச்சுப்பேன்னா இதை வச்சிக்கோங்க. வந்ததும் ஓடிப் போய் எறங்காதீங்க, மணல் மேடு மாதிரி கொஞ்சம் உசரமான இடத்துல நின்னு பத்து நிமிஷம் அலையைப் பாருங்க, பெரிய அலை கூட்டமா வரும், நடுவுல கொஞ்சம் அமைதி இருக்கும், ஒரு நிமிஷம் பாத்தா அந்த அமைதி மட்டும்தான் கண்ணுல படும்.

அலை கரைக்குக் கொண்டு வந்த தண்ணி எங்கயாவது திரும்பிப் போயாகணும். மணல் திட்டுல ஒரு பள்ளம் கிடைச்சா எல்லாம் அது வழியா கடலுக்குள்ள வேகமா ஓடும், இதைத்தான் ரிப் கரண்ட்னு சொல்றாங்க, நம்ம ஆளுங்க "கடல் உள்ள இழுக்குது"ன்னு சொல்றது இதைத்தான். கண்டுபிடிக்கறது எப்படின்னா, ரெண்டு பக்கமும் வெள்ளை நுரையா அலை உடையும், நடுவுல ஒரு பட்டை மட்டும் அலை உடையாம, கொஞ்சம் கருத்து, மேல சிலுசிலுன்னு இருக்கும், சில சமயம் மணல் கலங்கி பழுப்பா உள்ள போயிட்டு இருக்கும், நுரையும் குப்பையும் கடல் பக்கமா நகரும். புதுசா வர்ற குடும்பம் "இங்க அலையே இல்ல, பசங்களுக்கு நல்ல இடம்"னு தேடிப் போய் எறங்கறது சரியா அந்த இடத்துலதான். அலை உடையாத அந்த அமைதியான வழிதான் ஆபத்து, இதை உங்க வீட்ல எல்லாருக்கும் ஒரு தடவை கை நீட்டிக் காட்டி சொல்லிக் குடுங்க.

கொடி இருந்தா பாருங்க. சிவப்புன்னா எறங்கவே கூடாது, மேல சிவப்பு கீழ மஞ்சள்னு ரெண்டு கம்பத்துல பறந்தா அந்த ரெண்டுக்கும் நடுவுல லைஃப்கார்டு கண்காணிப்புல குளிக்கலாம். நம்ம ஊர்ல நிறைய இடத்துல கொடியே இருக்காது, விசில்தான், விசில் அடிச்சா உங்களைத்தான்னு நினைச்சிக்கோங்க.

எறங்கறப்போ

காலைல வெளிச்சம் வந்த அப்புறம் போங்க, கோடையில மதியத்துக்கு மேல கடல்காத்து ஏறினா அலையும் ஏறும். தனியா போகாதீங்க. குடிச்சிட்டு ஒருத்தன் கூட வரக்கூடாது, பீச் சாவு நிறையத்துக்கு பின்னாடி இது இருக்கு. ஜீன்ஸ், புடவை, சுடிதார் துப்பட்டா தண்ணி குடிச்சா கனமாகி காலைச் சுத்தும், அதுல நீந்தவே முடியாது, ஷார்ட்ஸ், லெக்கிங்ஸ் மாதிரி ஒட்டின துணி போடுங்க. கடலுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காதீங்க, எப்பவும் அலையைப் பாத்தே நில்லுங்க. இடுப்புக்கு மேல வேணாம். குழந்தைங்கன்னா கை நீட்டினா தொடற தூரம், அதுவும் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவங்க, போன் பைக்குள்ள போகட்டும், ஏன்னா மூழ்கற குழந்தை கத்தாது, சத்தமே இல்லாம அரை நிமிஷத்துல கீழ போயிரும். காத்தடைச்ச டியூப், பொம்மை மிதவையை நம்பாதீங்க, காத்து அடிச்சா அது குழந்தையோட சேர்த்து உள்ள போகும்.

தரையைத் தேச்சு தேச்சு நடந்தா மணல்ல புதைஞ்சிருக்கற திருக்கை விலகிப் போயிரும். கொட்டிட்டா தாங்கற அளவு சுடுதண்ணில காலை முக்கி வச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு போங்க. சொறிமீன், அதாவது ஜெல்லி ஃபிஷ், பட்டா மணலை வச்சு தேய்க்காதீங்க, நல்ல தண்ணி ஊத்தாதீங்க, சிறுநீர் வைத்தியம் சுத்தமா வேணாம், கடல் தண்ணியாலயே கழுவி, ஒட்டியிருக்கற இழையை கார்டாலயோ இடுக்கியாலயோ எடுங்க, மூச்சு வாங்கினா உடனே 108. புயலுக்கு அப்புறம் கரையில நீலமா அழகா ஏதாவது ஒதுங்கிக் கிடந்தா கைல எடுக்காதீங்க, மிக்ஜாமுக்கு அப்புறம் பெசன்ட் நகர்ல நீல டிராகன்னு சொல்ற உயிரி ஒதுங்குச்சு, விரல் அளவுதான், கொட்டினா கடுமையா வலிக்கும்.

இழுத்துட்டா

பயம் வரும், ஆனா ஒன்னு தெரிஞ்சிருந்தா பாதி பயம் போயிரும்: ரிப் உங்களை கரையை விட்டு கடல் பக்கமா இழுக்கும், அடியில இழுக்காது. கரையைப் பாத்து எதிர்த்து நீந்தினா ஒலிம்பிக் வீரனே தோத்துருவான், களைப்புலதான் உயிர் போகுது. மல்லாந்து மிதங்க, மூச்சை சீராக்குங்க, ஒரு கையைத் தூக்கி ஆட்டுங்க. அலை உடையற இடத்தைத் தாண்டினா இழுப்பு பெரும்பாலும் தளர்ந்துரும். தெம்பு இருந்தா கரைக்கு இணையா பக்கவாட்டுல, பக்கத்துல வெள்ளை நுரை தெரியற பக்கமா நீந்துங்க, அங்க போயிட்டா அலையே கரைப்பக்கம் தள்ளும். ஒரு பக்கம் நகர முடியலன்னா மறு பக்கம் பாருங்க, அதுவும் முடியலன்னா மிதந்துட்டே இருங்க.

கூட வந்தவன் மாட்டினா நீங்க குதிக்காதீங்க. ஒருத்தனைக் காப்பாத்தப் போய் ரெண்டு மூணு பேர் சேர்ந்து போற செய்தி ஒவ்வொரு வருஷமும் வருது, அதுல அப்பா, அண்ணன், ஃபிரெண்டுதான் அதிகம். கத்தி ஆளைக் கூப்பிடுங்க, லைஃப்கார்டு இல்லன்னா மீனவங்க, அவங்களுக்கு கடல் தெரியும். காலி தண்ணி கேன், தெர்மாகோல் பெட்டி, கயிறு, மூங்கில் எது இருந்தாலும் தூக்கிப் போடுங்க. ஒருத்தர் கண்ணை எடுக்காம அவனையே கை காட்டிட்டு நிக்கணும், இன்னொருத்தர் போன் பண்ணணும்: 112, ஆம்புலன்ஸ் 108, கடலோர போலீஸ் 1093, கோஸ்ட் கார்டு 1554. கிளம்பறதுக்கு முன்னாடியே போன்ல சேவ் பண்ணிக்கோங்க.

தூக்கிட்டு வந்த ஆளுக்கு மூச்சு இல்லன்னா வயித்தை அமுக்காதீங்க, தலைகீழா தொங்க விடாதீங்க, தோள்ல போட்டு சுத்தாதீங்க, தண்ணி வெளிய வரணும்னு பண்ற இந்த வேலையிலதான் பொன்னான நேரம் போகுது. மல்லாக்கப் படுக்க வச்சு, தலையை கொஞ்சம் பின்னால சாய்ச்சு, மூக்கைப் பொத்தி, வாயில வாய் வச்சு முதல்ல ரெண்டுல இருந்து அஞ்சு தடவை ஊதுங்க, அப்புறம் நெஞ்சு நடுவுல 30 தடவை வேகமா ஆழமா அமுக்கி 2 தடவை ஊதறது, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் விடாம பண்ணுங்க. முழிச்சு உக்காந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், நுரையீரலுக்குள்ள போன தண்ணி சில மணி நேரம் கழிச்சு மூச்சுத் திணறலைக் கொண்டு வரும்.

வெளிய வந்ததும்

நல்ல தண்ணில குளிச்சு, காதைச் சாய்ச்சு தண்ணிய வடிய விட்டு, கையை சோப்பு போட்டு கழுவின அப்புறம்தான் பஜ்ஜி, சுண்டல். மணல்லயும் கிருமி உண்டு, நாய் மலம் இருக்கற மணல்ல வெறும் உடம்போட படுத்தா கொக்கிப்புழுக் குஞ்சு தோலுக்குள்ள போய் கோடு கோடா தடிச்சு அரிக்கும், பாய் விரிச்சு உக்காருங்க.

அடுத்த சில நாள்ல வயித்துப்போக்கு, காய்ச்சல், காது வலி, கண்ணு சிவப்பு வந்தா டாக்டர்கிட்ட கடல்ல குளிச்சேன்னு மறக்காம சொல்லுங்க, எந்த பீச்னும் சொல்லுங்க. சின்னக் காயம் வேகமா வீங்கி நிறம் மாறினா அன்னைக்கே போங்க, நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க.

பீச்சுல குழாய்ல இருந்து சாக்கடை மணல் மேல ஓடறதைப் பாத்தா போட்டோ எடுத்து, எந்த இடம், எத்தனை மணின்னு குறிச்சு, மாநகராட்சிக்கு 1913, கழிவுநீர்னா குடிநீர் வாரியத்துக்கு 1916, கூப்பிட்டு புகார் நம்பர் வாங்கி வச்சிக்கோங்க. ரெண்டு நாள்ல நிக்கலன்னா அதே நம்பரைச் சொல்லி திரும்பக் கூப்பிடுங்க, பக்கத்துல இருக்கறவங்களையும் கூப்பிடச் சொல்லுங்க.